சக்கரம் எங்கே மடங்குகிறது? பெரிய ஜெட் மாதிரிக்கு விமானம் தேர்ந்தெடுத்தல்

“அண்ணே, மூணு மீட்டர் நீளத்துக்கு ஒரு ஜெட் செய்யலாம்னு இருக்கேன். எஃப்-16 செய்யட்டுமா, மிக்-21 செய்யட்டுமா?”

மாதிரி விமானங்களை ரிமோட்டில் பறக்கவிடும் மைதானத்தில் பழக்கமான தம்பி ஒருவர் கேட்டார். ஃபோனில் இரண்டு விமானங்களின் படமும் தயாராக வைத்திருந்தார். நான் ஒரு கேள்வியைத் திருப்பிக் கேட்டேன். “இந்த ரெண்டுலயும் சக்கரம் எங்க போய் மடங்குது, சொல்லுங்க.” அவருக்குத் தெரியவில்லை. அன்று அவரிடம் வாய்வழியாகச் சொன்னதை இங்கே கணக்கோடு எழுதுகிறேன். இதே யோசனையில் இருக்கிற மற்றவர்களுக்கும் உதவும்.

சின்ன ஃபோம் ஜெட்டில் சக்கரம் ஒரு பொருட்டே இல்லை. கையால் வீசிவிட்டுப் புல்லில் வயிற்றோடு இறக்கிவிடலாம். 20 கிலோ எடையில், டர்பைன் இஞ்சினோடு, கால் மடங்கி, கதவு மூடி, வேகத்தைக் குறைக்கும் ஏர்பிரேக் தகடு விரிகிற விமானத்தில் நிலைமை வேறு. மூக்கிலிருந்து வால்வரை உள்ளே இருக்கிற இடம் கொஞ்சம்தான். அதில் இஞ்சினுக்கான காற்றுக்குழாய், எரிபொருள் டாங்க், இஞ்சின், பேட்டரி, மடங்கிய கால், கதவை அசைக்கும் சின்ன மோட்டாரான சர்வோ எல்லாம் பங்கு கேட்கும். இவற்றில் கால் ஒன்றைத்தான் இடம் மாற்றி வைக்க முடியாது. டாங்கின் வடிவத்தை மாற்றலாம், பேட்டரியை மூக்குக்குத் தள்ளலாம். கால் இறங்கும் இடத்தை அசல் விமானம் ஏற்கெனவே முடிவு செய்துவிட்டது. அதனால் நான் விமானத்தைத் தேர்ந்தெடுப்பதே அடிவயிற்றைப் பார்த்துத்தான். பெயின்ட்டும் காக்பிட்டும் எந்த விமானத்திலும் அழகாகச் செய்துகொள்ளலாம்.

எஃப்-16-ஐ எடுத்துக்கொள்வோம். அதன் பிரதான கால்கள் இறக்கையில் இல்லை, உடலில் இருக்கின்றன. முன்பக்கமாக மடங்கும்போது சக்கரம் படுத்தாற்போல் திரும்பிக் காற்றுக்குழாயை ஒட்டி உட்காரும். மூக்குக் கால் பின்பக்கமாக மடங்கி, கூடவே 90 டிகிரி சுழன்று, குழாய்க்கு அடியில் படுத்துக்கொள்ளும். பார்க்க அவ்வளவு அழகு. மாதிரியில் அந்தச் சுழற்சிக்கு ஒவ்வொரு காலிலும் தனியாக ஒரு நெம்புகோல் வேண்டும், அது அரை மில்லிமீட்டர் தளர்ந்தாலும் சக்கரம் கதவில் இடிக்கும். அசலில் இரண்டு பிரதான சக்கரங்களுக்கும் இடைவெளி 2.36 மீட்டர். விமானத்தின் நீளம் 15 மீட்டர். 1:5 அளவில் செய்தால் 3 மீட்டர் நீளத்தை 47 சென்டிமீட்டர் இடைவெளி தாங்க வேண்டும். பக்கக்காற்று அடிக்கும் நாளில் அது ஓடுபாதையில் தள்ளாடும்.

மிக்-21 மீது எனக்கும் பாசம் உண்டு. 1963-இல் இந்திய விமானப்படைக்கு வந்து, 2025 செப்டம்பர் 26-ஆம் தேதி சண்டிகரில் விடைபெற்ற விமானம். அதன் ஒலியைக் கேட்டு வளர்ந்தவர்கள் நம்மில் நிறையப் பேர். ஆனால் இறக்கை முனைக்கு முனை 7.15 மீட்டர்தான், அதுவும் மெல்லிய முக்கோண இறக்கை. கால் அந்த இறக்கைக்குள் மடங்கும். சக்கரம் மட்டும் ஏறக்குறைய செங்கோணத்துக்குத் திரும்பி உடலின் பக்கவாட்டில் நின்றுகொள்ளும். அந்த வேலைப்பாட்டைச் செய்து முடித்தாலும் அடுத்த சோதனை தரையிறக்கத்தில் வரும். முக்கோண இறக்கை மெதுவாகப் பறக்க வேண்டுமென்றால் மூக்கை நன்றாகத் தூக்க வேண்டும். தூக்கினால் இழுவை கூடி விமானம் தொப்பென்று இறங்கும். முதல் டர்பைன் ஜெட்டாக இதைச் செய்ய நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

கோவைப் பக்கம் இருப்பவர்கள் தேஜஸைக் கேட்பார்கள், நியாயம்தான். தேஜஸ் ஓட்டும் விமானப்படைப் பிரிவான 45-ஆம் ஸ்குவாட்ரன் 2018-இல் சூலூருக்கு வந்ததிலிருந்து அது நம் வீட்டு விமானம் மாதிரி. ஆனால் அதற்கு வால் இறக்கை கிடையாது. இறங்கும்போது மூக்கைத் தூக்க இறக்கையின் பின்விளிம்பையே மேலே மடக்க வேண்டும். தூக்குவிசை கூட வேண்டிய அந்த நேரத்தில் அது குறைகிறது. கால்களும் உடலில்தான். இரண்டாவது, மூன்றாவது ஜெட்டாகச் செய்யலாம்.

மிச்சம் இருப்பவை இரண்டு பயிற்சி விமானங்கள்: செக் நாட்டின் எல்-39, பிரிட்டனின் ஹாக். இரண்டிலும் பிரதான கால்கள் இறக்கையில் இருக்கின்றன, உள்நோக்கி மடங்குகின்றன, சக்கரம் சுழல வேண்டியதில்லை. மூக்குக் கால் முன்பக்கமாக மடங்கும். உடலின் நடுப்பகுதி முழுக்க டாங்குக்கும் குழாய்க்கும் காலியாகக் கிடைக்கும். பெரிய ஜெட் மாதிரி செய்பவர்களிடம் இந்த இரண்டும் அடிக்கடி தென்படுவதற்கு இது ஒரு பெரிய காரணம்.

இந்த இரண்டுக்கும் நடுவில் தேர்வு செய்வதுதான் உண்மையில் கஷ்டம். நானும் பல இரவுகள் காகிதத்தோடு உட்கார்ந்தேன்.

எல்-39-இன் இறக்கை ஏறக்குறைய நேராக இருக்கும், பரப்பு 18.8 சதுர மீட்டர். ஹாக்கின் இறக்கை பின்னோக்கிச் சாய்ந்தது, பரப்பு 16.7. இரண்டையும் 1:4 அளவில், 20 கிலோ எடையில் செய்வதாக வைத்துக்கொள்ளுங்கள். எல்-39-இல் ஒரு சதுர மீட்டர் இறக்கை 17 கிலோவைச் சுமக்கும், ஹாக்கில் 19 கிலோவுக்குக் கொஞ்சம் மேல். வேகம் இந்த எண்ணின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது, அதனால் தரையிறங்கும் வேகத்தில் வித்தியாசம் 6 சதவீதம்தான். ஃப்ளாப்பை (இறக்கையின் பின்விளிம்பில் கீழே இறங்கும் தகடு) முழுக்க இறக்கிய நிலையில் இரண்டுமே மணிக்கு 65 முதல் 70 கிலோமீட்டரில் வந்து சேரும். இப்போது சக்கர இடைவெளியைப் பாருங்கள். எல்-39-இல் 2.44 மீட்டர், ஹாக்கில் 3.47. 1:4 அளவில் 61 சென்டிமீட்டருக்கு எதிராக 87. நாற்பது சதவீதத்துக்கும் அதிக வித்தியாசம். ஆறு சதவீத வேகத்தை விட்டுக்கொடுத்து நாற்பது சதவீத நிலைத்தன்மையை வாங்கிக்கொள்ள நான் தயார்.

இன்னொரு காரணமும் உண்டு. அசலைப் பார்த்துச் செய்கிறவனுக்கு அசல் கண்ணில் பட வேண்டும். இந்திய விமானப்படையின் சாகசக் குழுவான சூர்யகிரண் 2015 முதல் ஹாக்கில்தான் பறக்கிறது. 2024 அக்டோபரில் சென்னை மெரினாவில் அவர்கள் பறந்தபோது எடுத்த படங்கள் எத்தனையோ பேரிடம் இருக்கும். ஒரு கதவு எந்தக் கோணத்தில் நிற்கிறது என்று பார்க்க அந்த மாதிரி ஒரு படம் போதும். ஆனால் கரடுமுரடான புல்தரைதான் கிடைக்கும், சாய்ந்த இறக்கையைப் பறக்கவிட்ட பழக்கமும் இல்லை என்றால் எல்-39-ஐயே எடுங்கள். நேரான இறக்கை வேகம் குறைந்தாலும் சட்டென்று கைவிடாது. மண் ஓடுபாதையிலும் இறங்கட்டும் என்று செய்த விமானம் அது.

(எஃப்-14-ஐயும் அந்தத் தம்பி ஆசையோடு கேட்டார். 20 டிகிரியிலிருந்து 68 டிகிரிவரை பறக்கும்போதே சாயும் இறக்கை, இயந்திர வேலையில் ஆசை உள்ள யாரையும் இழுக்கும். செய்தால் இரண்டு இறக்கையையும் ஒரே திருகுத்தண்டில், ஒரே மோட்டாரில் இழுங்கள். தனித்தனி மோட்டார் வைத்து ஒன்று நின்றுபோனால் மாதிரி விமானத்தைக் காப்பாற்றுவது கடினம்.)

காற்றா, மின்சாரமா, எண்ணெயா

விமானம் முடிவானதும் அடுத்த கேள்வி, காலை எது இயக்குவது. பணமும் மனஉளைச்சலும் அதிகம் செலவாவது இங்கேதான்.

காலை மடக்கி இறக்கும் கருவியை ரிட்ராக்ட் என்போம். காற்றில் இயங்கும் ரிட்ராக்ட் இவற்றில் பழையது, எடையும் விலையும் குறைவு. ஒரு சின்ன டாங்கில் 7 பார் அளவுக்குக் காற்றை அடைத்து, வால்வு வழியாகச் சிலிண்டருக்கு அனுப்புவோம். என் எஃப்-16-இல் இதுதான் இருந்தது. டாங்கின் கொள்ளளவு 150 சிசி. மூன்று சிலிண்டரும் சேர்ந்து ஒரு முறை நகர 17 சிசி காற்று எடுக்கும். கேட்க அற்பமாகத் தோன்றும். ஆனால் ஒவ்வொரு நகர்வுக்கும் அழுத்தம் சுமார் பத்தில் ஒரு பங்கு இறங்குகிறது. இரண்டு முறை ஏற்றி இறக்கினால் 7 பார் 4.2 பார் ஆகிவிடும். கதவுக்கும் அதே காற்று என்றால் இன்னும் குறையும்.

ஒரு நாள் காலை அந்த எஃப்-16-ஐ ஸ்டாண்டில் வைத்து இரண்டு முறை ஏற்றி இறக்கிப் பார்த்தேன். எல்லாம் சரி. மறுபடி காற்று அடைக்காமல் பறக்கவிட்டேன். இறங்க வரும்போது பிரதான கால்கள் இரண்டும் டக்கென்று பூட்டிக்கொண்டன, மூக்குக் கால் பாதியில் தொங்கியது. ஏன் அது மட்டும்? பிரதான கால்கள் முன்பக்கமாக மடங்குபவை, இறங்கும்போது எதிர்க்காற்று அவற்றைப் பின்னால் தள்ளிப் பூட்ட உதவுகிறது. மூக்குக் கால் பின்பக்கமாக மடங்குவது, அது எதிர்க்காற்றைத் தள்ளிக்கொண்டுதான் முன்னால் வர வேண்டும். 4 பாருக்கு அந்தத் தெம்பு இல்லை. விமானம் நேராகத்தான் இறங்கியது. வேகம் குறைந்ததும் மூக்கு மெல்லச் சாய்ந்து, காற்று உள்ளே போகும் வாயின் கீழுதடு தார்ச்சாலையில் இருபது அடி தேய்ந்தது. ஃபைபர் தேய்கிற அந்த வாசனை மூக்கிலேயே நின்றது.

வீட்டுக்கு வந்து மூக்குச் சிலிண்டரைக் கழற்றினேன். பிஸ்டனில் இருந்த ஓ-ரிங் என்ற ரப்பர் வளையத்தை நகத்தில் மாட்டி விளக்கடியில் லென்ஸ் வைத்துத் திருப்பினேன். ஒரு இடத்தில் தலைமுடி அகலத்துக்கு ஒரு கீறல். விரலால் அழுத்தினால் மூடிக்கொள்ளும், விட்டால் திறக்கும். அழுத்தம் அதிகமாக இருக்கும்போது ரப்பரைப் பள்ளத்தில் அழுத்திப் பிடித்துக்கொண்டு சமாளித்திருக்கிறது, குறைந்ததும் கசிந்திருக்கிறது. ஸ்டாண்டில் ஏன் தெரியவில்லை என்பதற்கு அதுதான் பதில்.

காற்றுக்கு ஒரு நல்ல குணம் உண்டு, அதையும் சொல்ல வேண்டும். காற்று முழுக்கப் போய்விட்டாலும் ஸ்பிரிங் வைத்துக் காலைக் கீழே தள்ளிப் பூட்டும்படி அமைக்கலாம். மற்ற இரண்டிலும் இது அவ்வளவு சுலபம் இல்லை.

மின் ரிட்ராக்டில் ஒரு சின்ன மோட்டார் திருகுத்தண்டைச் சுற்றும், அதில் ஏறும் நட்டு காலை இழுக்கும். மின்சாரம் போனால் கால் இருந்த இடத்திலேயே நிற்கும். முழுக்க இறங்கிய பிறகு போனால் கவலை இல்லை, பாதியில் போனால் பாதியில்தான். கால் முனைக்கு வந்துவிட்டதைக் கட்டுப்பாட்டுப் பலகை மோட்டாரின் கரண்ட் ஏறுவதை வைத்துத் தெரிந்துகொள்கிறது. இதில் ஒரு ஆபத்து உண்டு. வழியில் கதவோ வயரோ சிக்கினாலும் கரண்ட் ஏறும், பலகை “முடிந்தது” என்று நினைத்து நிறுத்திவிடும். ஆனால் இந்தக் கோளாறு ஸ்டாண்டிலேயே தெரிந்துவிடுகிறது. காலையில் பத்து முறை ஏற்றி இறக்கினாலும் பதினோராவது முறைக்கான பலம் குறைவதில்லை. ரிமோட் கட்டளையை வாங்கும் ரிசீவரின் பேட்டரியைத் தொடாமல் ரிட்ராக்டுக்கென்று தனியாக ஒரு பேட்டரி வைத்துவிடுங்கள். கால் இறங்க நாலைந்து நொடி எடுக்கும், அசலின் நிதானத்துக்கு அது பக்கத்தில் வருகிறது.

அப்புறம் எண்ணெய். மனசுக்குப் பிடித்தது இதுதான். அசல் விமானத்தில் 3,000 பிஎஸ்ஐ அழுத்தத்தில் எண்ணெய்தான் காலை இயக்குகிறது. எண்ணெய் காற்றைப் போலச் சுருங்காது, அதனால் கால் துள்ளாமல் ஒரே வேகத்தில், கனத்தோடு இறங்கும். ஒரு ஊசி வால்வைத் திருப்பி எவ்வளவு மெதுவாக வேண்டுமானாலும் வைக்கலாம். ஒரு கண்காட்சியில் அப்படி ஒரு கால் இறங்குவதை மேசையருகே குனிந்து பார்த்தேன். கதவு விரிந்து, கால் வந்து, கடைசி ஒரு சென்டிமீட்டரில் தயங்கிப் பூட்டியது. அங்கேயே அரை மணி நேரம் நின்றுவிட்டேன். ஆனால் பம்பு, தொட்டி, இரண்டு பக்கமும் நிரம்பிய குழாய்கள் என்று எடை ஏறும். ஒரு குமிழி காற்று உள்ளே தங்கினால் கால் நடுங்கும். கசிந்தால் எண்ணெய் பெயின்ட்டுக்குள் இறங்கி, மறுபடி பெயின்ட் ஒட்டவே ஒட்டாது.

எடைக்கு ஒரு கடுமையான கோடு இருக்கிறது. இந்தியாவின் 2021 ட்ரோன் விதிகள் மாதிரி விமானத்துக்கு 25 கிலோ வரைதான் இடம் தருகின்றன. அமெரிக்காவில் 55 பவுண்டு, அதுவும் ஏறக்குறைய அதே அளவு. ஹாக்கின் முழு எடை 5,700 கிலோ. அதை அப்படியே 1:4 அளவுக்குச் சுருக்கினால், நாலு முறை நாலு முறை நாலு, 64-ஆல் வகுத்து 89 கிலோ வரும். நாம் அதை 20 கிலோவில் செய்கிறோம். 4 லிட்டர் எரிபொருள் 3.2 கிலோ. 25 கிலோவில் மிச்சம் இருப்பது 2 கிலோவுக்கும் குறைவு. எண்ணெய் அமைப்பு அதில் ஒரு பெரிய பங்கைச் சாப்பிட்டுவிடும்.

அதனால் என் ஹாக்குக்கு மின்சாரம். சக்கரப் பிரேக்கும் மின்காந்தப் பிரேக்தான், அழுத்தக் காற்றில் இயங்குவது இல்லை. காற்று அடைக்கும் டாங்கும் அதன் குழாய்களும் மொத்தமாக வெளியே போய்விடுகின்றன. பிரேக் வயர் கால் மடங்கும் கீல் பக்கம் வளைகிற இடத்தில் சிலிக்கோன் உறை போட்ட மெல்லிய வயரை ஒரு சுற்று தளர்வாக விடுங்கள். இறுக்கமாக இழுத்துக் கட்டிய வயர் சில டஜன் முறை மடங்கியதும் உள்ளே அறுந்துவிடும், வெளியே தெரியவும் தெரியாது.

கதவுகளுக்குத் தனித்தனி சர்வோ. டிரான்ஸ்மிட்டரிலோ தனிப் பலகையிலோ வரிசையை அமைக்கலாம்: கதவு திறக்க ஒன்றரை நொடி, கால் இறங்க ஐந்து நொடி, அப்புறம் சில கதவுகள் மறுபடி மூடும். நேரத்தை மட்டும் நம்பும் வரிசைக்குக் கதவு உண்மையிலேயே திறந்ததா என்று தெரியாது. ஒரு மைக்ரோஸ்விட்ச் வைத்து, கதவு திறந்தால் மட்டும் காலுக்கு மின்சாரம் போகும்படி செய்தால் கதவு உடைவதைத் தவிர்க்கலாம். இன்னொன்று, பாதி வழியில் சுவிட்சைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். பதற்றத்தில் எல்லோரும் செய்வது அது. வரிசை குழம்பிக் கதவு காலின் மேல் மூடுகிறதா என்பது அப்போதுதான் தெரியும். ஹாக்கின் ஏர்பிரேக் வால்பக்கம் அடியில் விரிகிறது. கால் இறங்கும் கட்டளை வந்தவுடன் அது தானாக மூட வேண்டும் என்பதையும் வரிசையில் சேர்த்துவிடுங்கள், இல்லாவிட்டால் ஓடுபாதையில் உரசும்.

இஞ்சினும் உடலும்

இஞ்சின் விஷயத்தில் எனக்குத் தயக்கம் இல்லை. இந்த அளவுக்கு டர்பைன்தான். மின் மோட்டார் சுழற்றும் விசிறியில் சத்தமும் வெப்பமும் குறைவு, விசையைக் கூட்டினால் உடனே பதில் கிடைக்கும். ஆனால் 20 கிலோவைத் தூக்கப் பேட்டரி எடையே விமானத்தைத் தின்றுவிடும், பறக்கும் நேரமும் சில நிமிடம்தான். 180 நியூட்டன் டர்பைன் ஒன்று, அதாவது 18 கிலோ உந்துவிசை, ஹாக்குக்கு தாராளம். அசல் ஹாக்கின் உந்துவிசை அதன் முழு எடையில் பாதிகூட இல்லை. மண்ணெண்ணெயில் 5 சதவீதம் வரை டர்பைன் எண்ணெய் கலந்து ஓட்டுவோம். முழு விசையில் நிமிடத்துக்கு அரை லிட்டருக்கு மேல் போகும். குறைந்த சுழற்சியிலிருந்து முழு விசைக்கு வர மூன்று நான்கு நொடி எடுக்கும் என்பதை மட்டும் இறங்கும்போது மறக்கக் கூடாது.

உடலை பால்சா, பிளைவுட் வைத்து வரைபடத்திலிருந்து செய்யலாம், தயார் ஃபைபர் உடலும் வாங்கலாம். நேரம் இருந்தால் மரம், இரண்டு வருடத்துக்குள் பறக்க வேண்டும் என்றால் ஃபைபர். எதுவானாலும் கால் பொருத்தும் இடத்தை நீங்களே பலப்படுத்த வேண்டும். 25 சென்டிமீட்டர் நீளக் காலின் அடியில் 20 கிலோ இழுவிசை விழுந்தால், மேலே கீலில் அது 5 கிலோகிராம்-மீட்டர் முறுக்குவிசையாக மாறுகிறது. புல்லில் ஒரு பள்ளம் போதும் அதற்கு. தயார் உடல்களில் இந்த இடத்துப் பிளைவுட்டை இரண்டு பக்கமும் கார்பன் துணியும் எபாக்ஸியும் வைத்து ஒட்டிவிட்டுத்தான் நான் மற்ற வேலையைத் தொடுகிறேன்.

அந்தத் தம்பி ஹாக் என்று முடிவு செய்துவிட்டார். உடலை இன்னும் வாங்கவில்லை, வாங்க வேண்டாம் என்று நான்தான் சொன்னேன். முதலில் ஒரே ஒரு பிரதான காலையும் அதன் கட்டுப்பாட்டுப் பலகையையும் வாங்கியிருக்கிறார். 12 மில்லிமீட்டர் பிளைவுட்டில் அதைப் பொருத்தி, சுவரில் மாட்டி, சக்கர அச்சில் மணல் மூட்டை கட்டி ஏற்றி இறக்குகிறார். நூறு முறை எண்ணச் சொல்லியிருக்கிறேன். நேற்று இரவு அறுபத்திரண்டில் இருப்பதாக ஃபோன் செய்தார். கீல் போல்ட் ஒன்று லேசாகத் தளர்கிறதாம். போல்ட் தளராமல் பிடிக்கும் லாக்டைட் பசை போட்டு, மறுபடி ஒன்றிலிருந்து எண்ணச் சொன்னேன்.